உன் பேரில் எடுத்த என் நெஞ்சுப் படம்

இன்று காலை எதிர்க்காட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட ரிக் வண்டி வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கல்மாவு புகையாக எழுந்து, எங்கள் வாசலில் காய்ந்த துணியெல்லாம் வெளுத்துப் போயிற்று. அந்தச் சூடான கல் வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. பாசத்தோடு வந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். உன் பிணத்தை எடுத்த அன்றைக்கு நானும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கு முடியவில்லை.

நாம் இருவரும் ஒரே ரிக்கில் வடக்கே ஊர் ஊராகப் போர் போட்டுத் திரிந்தவர்கள். ஒருவனுக்கு முடியாவிட்டால் இன்னொருவன் நிற்பது ரிக்கில் சாதாரணம். உனக்குக் காய்ச்சல் என்றால் உன் ஷிப்டை நான் பார்ப்பேன். நான் அசந்து தூங்கினால் என் குரலில் ஓனருக்கு நீ பதில் சொல்வாய். "ஆருக்கு முடியுதோ அவன் நிக்கோணும், அவ்வளவுதான் மாப்ள" என்று பெரிய நியாயம் போலச் சொல்லிக்கொள்வாய். மகள் பிறந்ததும் நான் ரிக்கை விட்டுவிட்டு முட்டை லாரிக்கு வந்துவிட்டேன். நீ அந்தத் தூசியிலேயே கிடந்தாய்.

சங்ககிரியில் லாரிப் பட்டறைகள் பக்கம் நெஞ்சுப் பட முகாம் போட்டார்களே, அந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கையில் தூக்கிப் பிடிக்கிற அளவுக்குச் சின்ன எக்ஸ்ரே பெட்டி. அந்த நர்சம்மா ஒவ்வொரு டிரைவரிடமும் போய்க் கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிபி இருந்தால் இருமல் முற்றுவதற்கு முன்பே படத்தில் தெரிந்துவிடும், அப்போதே மாத்திரை ஆரம்பித்தால் தீர்ந்துவிடும், வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒட்டாது என்று. படம் எடுத்துக்கொண்டதற்கு முகாமில் கொடுக்கிற சீட்டைக் காட்டினால்தான் அடுத்த டிரிப்பில் ஏற்றுவேன் என்று உன் ஓனர் சொல்லியிருந்தார். நீயோ ஆடி மாதத்திலிருந்தே இருமிக்கொண்டிருந்தாய். முகாமுக்கு முந்தின நாளே என் வீட்டுக்கு வந்துவிட்டாய்.

"என்ற நெஞ்சைக் காட்டுனா எறக்கி உட்ருவாங்க மாப்ள. உனக்கென்ன, எருமையாட்ட இருக்கற. எனக்காக ஒருக்கா நின்னுரு."

நின்றேன். உன் பேரைச் சொன்னேன், உன் போன் நம்பரைக் கொடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். நீ வெளியே டீக்கடையில் நின்று எனக்குப் போண்டா வாங்கி வைத்திருந்தாய். ரிக்கில் ஷிப்ட் மாற்றுவது போலத்தான் இதையும் நினைத்தோம். சீட்டைக் காட்டிவிட்டு நீ வண்டி ஏறிவிட்டாய்.

நீ வடக்கே போய்ச் சேர்ந்ததும் நர்சம்மா உனக்குப் போன் செய்தார். நெஞ்சில் நிழல் விழுந்திருக்கிறது, சளிப் பரிசோதனைக்கு உடனே வாருங்கள் என்று. யார் நெஞ்சு அது? உனக்குத் தெரியாதா? எனக்கு ஒரு போன் போட உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதைச் செய்யாமல், இங்கேயே டாக்டரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் புளுகினாய். அவர் உன் வீடு தேடிப் போய்ச் சொன்னபோது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று போனில் பெண்டாட்டியிடமும் புளுகினாய். என்னை ஒருநாள் கூப்பிட்டாய், நிழலைப் பற்றி மூச்சுவிடவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா, முட்டை வண்டியில்தானே போகிறாய், நாலு முட்டை தின்னு என்றாய். அக்கறை என்று நினைத்து மனசு குளிர்ந்தேன். அடப்பாவி.

நானும் அதே தூசியைத் தின்றவன்தானே. இருமல் வந்தபோது கோழித் தீவனப் புழுதி என்று நினைத்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்தேன். படத்தில் ஒன்றும் இருந்திருக்காது, இருந்திருந்தால் நீ சொல்லியிருப்பாய் என்ற தைரியம் வேறு. மகளை மார்மேல் போட்டுத்தான் தூங்கினேன். ரத்தமாகத் துப்பிய பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போனால், எனக்கு டிபி, மகளின் கழுத்திலும் டிபிக் கட்டி. மாத்திரை விழுங்கத் தெரியாத பிள்ளை. விழுங்க வைத்தால் வாந்தி எடுக்கும், திரும்பக் கொடுக்கும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும். இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்தக் கும்பிடுக்கு உன்னை நான் மன்னிக்க முடியாது.

மாத்திரை கொண்டுவந்தவர் அதே நர்சம்மாதான். உங்கள் சிநேகிதருக்கும் இதே இடத்தில்தான் நிழல், அவர் வரவே இல்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னாய்:

"சொல்லலாம்னுதான் இருந்தேன் மாப்ள. சொன்னா ஆள் மாறுனது ஓனருக்குத் தெரிஞ்சு போயிருமல்ல."

அதோடு உன்னிடம் பேச்சை விட்டேன். நீ எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினாய். நுரையீரலில் கல்தூசி இறுகி, அதன்மேல் டிபியும் முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைப் பார்த்தேன். நீ கையை நீட்டினாய், நான் கொடுக்கவில்லை. அதற்காக இப்போதும் வருத்தப்படவில்லை.

சொல்ல வந்தது வேறு. உன் பெண்டாட்டி இருமுகிறாள். நர்சம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டும் படம் எடுக்க வர மாட்டேன் என்கிறாளாம். நீங்களாவது சொல்லிப் பாருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதால், இன்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன்.

"அவருக்கு மொதல்லயே படத்துல கண்டுபுடிச்சுட்டாங்கல்லங்ணா," என்றாள். "மாத்திரையும் தின்னாருங்க. தின்னும் போயிட்டாரு. என்னைய மட்டும் படம் எடுத்து என்ன ஆகப்போகுதுங்க?"

என்னைக் கெடுத்தாய், என் பிள்ளையைக் கெடுத்தாய், உன் உயிரையும் விட்டாய். அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். நீ சொன்ன பொய்யை அவள் இன்னும் நம்பிக்கொண்டு, அதனாலேயே சாகத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மிணி, அந்தப் படம் அவனோடது இல்ல. என்னோடது. அவன் பேருல நான்தான் நின்னேன். அந்த நெழலும் என்றதுதான். அவன் ஒரு மாத்திரைகூடத் தின்னல. நான் தின்னேன், உம்முன்னால உக்காந்துட்டு இருக்கறேன் பாரு."

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். இருமல் நின்றதும் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அவரை ஒருக்காக்கூட ஆரும் படம் எடுக்கவே இல்லீங்களா?"

இல்லை என்றேன். நாளைக்குக் காலையில் வாரேன் என்று சொன்னாள். கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அவள் தன் பேரைத் தானே சொல்வாள், பக்கத்தில் நின்று கேட்பேன்.

ஆனால் அவள் கேட்டது என்னை விட்டுப் போகவில்லை. உன்னைப் படம் எடுக்க வேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். நான் விலகியிருந்தால் உன்னை எடுத்திருப்பார்கள். இதையும் என் தலையிலேயே கட்டிவிட்டுப் போயிருக்கிறாய், பாவி.