துவக்கின் பின்னால் நின்றவருக்கு

சேர்,

மத்தியானம் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவினேன். துவக்கு எண்ணெயின் வாசம் போகவில்லை. காலையில் நெடுந்தீவுக்குத் தெற்கே ரோந்துப் படகு ஒன்று எங்கள் வள்ளத்தை மறித்தது. கடற்படைக்காரன் ஒருவன் துவக்கைத் தோளில் மாட்டியபடி இறங்கி வலையைக் கிளறிப் பார்த்தான். அவன் கையில் இருந்த எண்ணெய் வலையில் ஒட்டி, வலையிலிருந்து என் கைக்கு வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

"என்னப்பா, கறி சரியில்லையோ?" என்று மனைவி கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றேன். அதற்குப் பிறகு வாசலுக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். இருக்க ஏலவில்லை; கடைசியில் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீங்கள் இறந்த செய்தியை ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் கிடந்த இங்கிலிஷ் பேப்பரில்தான் பார்த்தேன். சின்ன அறிவித்தல். பெயருக்கு முன்னால் பதவி எதுவும் இல்லை. லெப்டினன் என்றாவது போட்டிருக்கலாம். அது ஏன் இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியும்.

கடற்படையில் கட்டளைகள் இங்கிலிஷிலிருந்து சிங்களத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் நான் உங்கள் படகுக்கு வந்தேன். அதில் நான் ஒருவன்தான் தமிழன். முகாமில் மற்ற அதிகாரிகள் என்னை இலக்கம் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீங்கள் முதல் கிழமையே என்னிடம் நீ, நீர், நீங்கள் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். விளங்கப்படுத்தினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு நீர் 'நீர்'தான்" என்றீர்கள். உங்கள் தமிழ் கடைசிவரை நொண்டித்தான் நடந்தது. ஆனாலும் அந்த 'நீர்' ஒரு நாளும் 'நீ' ஆகவில்லை.

சோளகக் காற்று தொடங்கிக் கடல் எழும்பினால் உங்களுக்கு வயிறு குமட்டும். கடற்படை அதிகாரியாக இருந்தும் எங்கள் எல்லார் முன்னாலும் வாளிக்குள் சத்தி எடுப்பீர்கள். வாயைத் துடைத்துக்கொண்டு, "என் வயிறு என் கட்டளையைக் கேட்காது. நீங்களாவது கேளுங்கள்" என்று சிங்களத்தில் சொல்வீர்கள். நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்டோம். கேட்காமல் இருக்க எங்களுக்கு மனம் வந்ததே இல்லை.

அந்தப் பின்னேரமும் சோளகம்தான். நெடுந்தீவுக் கரையை நோக்கிப் பாய் விரித்து ஒரு வள்ளம் ஓடியது. நிற்கச் சொல்லி விளக்குக் காட்டினோம், ஊதினோம், வானத்தை நோக்கிச் சுட்டோம். நிற்கவில்லை. கரையோரப் பாறைக்குள் புகுந்துவிட்டால் எங்கள் படகு பின்னால் போக முடியாது. முகாமிலிருந்து வானொலியில் உத்தரவு வந்தது: நிற்காவிட்டால் சுடுங்கள்.

படகின் முன்முனையில், முன்னணியத்தில், துவக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அந்தப் பாயின் மூலையில் காவி நிறத்தில் ஒரு ஒட்டுத் துணி. அதை நாரந்தனையில் எங்கள் வளவில் வைத்துத்தான் தைத்தார்கள். அது என் பெரியம்மா மகனுடைய வள்ளம். அண்ணை சுக்கானில் குனிந்திருந்தார். நான் வாய் திறக்கவில்லை. விசையில் வைத்த விரலை மட்டும் எடுத்துவிட்டேன்.

அப்போது பின்னால் உங்கள் குரல் கேட்டது. "நீர் இறங்கும்."

"சேர்?"

"கீழ போம். எஞ்சினைப் பாரும். இது ஓடர்."

என்னைத் தோளில் பிடித்து விலக்கிவிட்டு நீங்கள் துவக்கைப் பிடித்தீர்கள். என்மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைத்தேன். இயந்திர அறைக்குள் காதைப் பொத்திக்கொண்டு வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவேயில்லை. மேலே ஏறி வந்தபோது வள்ளம் பாறைகளுக்குள் மறைந்திருந்தது. நீங்கள் வாளியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

விசாரணைக்குப் போய்வந்த எங்கள் படகு இயந்திரக்காரர் சொன்னார். துவக்கில் நின்றது யார் என்று கேட்டார்களாம். "நான்" என்றீர்களாம். ஏன் சுடவில்லை? "யாரைச் சுடுகிறேன் என்று தெரியவில்லை." அவ்வளவுதான். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. உங்களைக் கொழும்பில் ஒரு மேசைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு உங்களுக்குப் படகே தரவில்லை; கடைசியில் பதவியையும் எடுத்துவிட்டார்களாம்.

நீங்கள் புறப்பட்ட அன்று ஊர்காவற்றுறைத் துறையில் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அடக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் சேர் என்னை இறக்கினனீங்கள்?"

"நீர் சுட்டா, உமக்கு ஊர் இல்லை. சுடாட்டி, உமக்கு வேலை இல்லை. எனக்கு இங்க ஊர் இல்லைத்தானே?"

உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டீர்கள்.

அந்தப் பாயை எனக்குத் தெரியும் என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சேர்? என் விரலைப் பார்த்தீர்களா? இல்லை, இந்தக் கடலில் எந்த வள்ளமானாலும் என்னை இறக்கியிருப்பீர்களா? அண்ணையிடமும் பிறகொரு நாள் கேட்டேன், அன்றைக்கு என்ன ஏற்றினீர்கள் என்று. "மீன்" என்றார். மீனுக்கு யாராவது அப்படி ஓடுவார்களா? அவர் சுங்கத்தை ஏமாற்றினாரோ, வேறு எதையாவது கொண்டுவந்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாமலேதான் நீங்கள் உங்கள் உத்தியோகத்தைக் கொடுத்தீர்கள்.

காலையில் நடந்ததை முழுவதும் சொல்லவில்லை. வலையைக் கிளறியவன் திரும்பி ஏறிய பிறகும் அவர்கள் எங்களை விடவில்லை. அவர்கள் படகின் முன்னணியத்தில் துவக்கோடு நின்றவனுக்கு இருபது வயதுகூட இராது. முகத்தில் வேர்வை. என்னோடு வள்ளத்தில் வந்த மச்சான் நங்கூரக் கயிற்றை எடுக்கக் குனிந்தபோது துவக்கு அவன் பக்கம் திரும்பியது.

"மல்லி, அது கயிறு" என்று தம்பியைக் கூப்பிடுவதுபோல் சிங்களத்தில் கத்தினேன். உங்கள் படகில் படித்த சிங்களம்.

அவன் சுடவில்லை; திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான். மேலதிகாரியின் ஒரு சொல்லுக்காகத்தான் பார்த்தான். நானும் அங்கேதான் பார்த்தேன். கடற்படையை விட்டு வந்து இத்தனை வருசமாகத் துவக்கு எங்கே தெரிந்தாலும் என் கண் முதலில் அதைப் பிடித்திருப்பவனைத் தாண்டித்தான் போகிறது.

அவனுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை, சேர்.