பனி தின்ற இரண்டு கிலோ தூள்

அண்ணை,

இன்று காலை இந்தப் புறநகர்ப் பொண்டி வீட்டில் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்தேன். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தும் புகை போகவில்லை. மேலேயிருந்து மகள் பிரெஞ்சில் கத்தினாள். எனக்கு மட்டும் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்படித்தானே நாம் அறிமுகமானோம்? எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய் தெருவில், ஒரே மாடியில் நமக்கு எதிரெதிர்க் கதவுகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருசம்கூட ஆகாத நான் மிளகாய் வறுக்க, மாடிப்படி முழுக்க இருமல். கதவைத் திறந்தால் நீங்கள் கண் சிவந்து நின்றீர்கள்.

"தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவா, இல்ல சோத்துத் தட்டை எடுத்துட்டு வரவா?" என்றீர்கள், புதுச்சேரித் தமிழில். தட்டோடுதான் வந்தீர்கள்.

இங்கே குளிர் தொடங்கியதும் நீங்கள் தென்துருவத்துக்குப் போவீர்கள் என்று கேட்டபோது, பெரிய புளுகர் என்றுதான் நினைத்தேன். பிறகு படங்களைக் காட்டினீர்கள். சங்கிலிச் சக்கர டிராக்டர்கள், அவை இழுக்கும் சறுக்குவண்டிகள், அவற்றின் மேல் டீசல் பீப்பாய்கள், படுக்க ஒரு தகரக் கூடு. கரையிலிருந்து உள்ளே இருக்கும் ஆய்வு நிலையத்துக்கு ஆள் நடக்கும் வேகத்தில் நாட்கணக்கான பயணம். வழியில் எந்த வண்டி படுத்தாலும் அதை எழுப்புவது உங்கள் வேலை.

அந்த வருசம் எனக்குக் கல்யாணம் பேசியிருந்தது. சண்டைக்குள்ளிருந்து அப்பாவால் வர முடியாது. மாதா கோயிலுக்குள் என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போக யாருமில்லை என்று அழுதேன். "ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை வை. வந்துடுவேன்," என்றீர்கள். கடைசிக் கப்பலைத் தவறவிட்டால் ஒரு வருசம் அங்கேயேதான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வழிச்சாப்பாட்டுக்கு நான் தூள் கட்டித் தந்தேன். "ரெண்டு கிலோ காணுமோ அண்ணை?" என்று கேட்டேன். மோந்து பார்த்துவிட்டு, "இது குழம்புக்கா, பாறை பிளக்கவா?" என்றீர்கள்.

மார்ச் மாதம், கப்பல் கரைசேர்ந்த ஆஸ்திரேலியாவிலிருந்து நான் வேலை செய்த கடைக்குத் தொலைபேசி வந்தது. "கப்பலைப் பிடிச்சுட்டோம்மா. என் கோட்டை வெளுக்கப் போடு." அதுவரை நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. தூள் எப்படி என்று கேட்டதற்கு, "முடிஞ்சு போச்சு, ஒரு சிட்டிகை மிச்சமில்ல," என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

சொன்னபடி வந்தீர்கள். கோயில் வாசலிலிருந்து என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனீர்கள். விருந்தில் உங்கள் பயணத் தலைவர், அந்த நெட்டைப் பிரெஞ்சுக்காரர், ஆட்டுக்கறியில் ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "இதேதான்! இந்தத் தூள் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் அங்கேதான் நின்றிருப்போம், மதாம்," என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்கு உண்மை தெரியும். முதல் நாளே நீங்கள் தூளைப் போட்டுச் சமைக்க, எல்லோரும் தண்ணீர் தண்ணீர் என்று பறந்திருக்கிறார்கள். அங்கே பனியை உருக்கினால்தான் தண்ணீர். இந்த உறைப்புக்கு உருக்கிக் கட்டுப்படியாகாது என்று அவர் தூளுக்குத் தடை போட்டுவிட்டார்.

திரும்பும்போது, கரைக்கு இறங்கும் சரிவில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டதாம். காற்றில்லை, நிழலில்லை. காலடியில் மேடா பள்ளமா என்றுகூடத் தெரியாது. பக்கத்திலோ பனிப் பிளவுகள். இரண்டு நாள் காத்திருந்தும் வானம் வெளிக்கவில்லை. கப்பல் மூன்றாம் நாள் புறப்பட்டுவிடும். அப்போது நீங்கள் இடுப்பில் கயிறு கட்டி, மற்ற நுனியை முதல் டிராக்டரில் முடிந்து, என் தூளைக் கைப்பிடி கைப்பிடியாக முன்னால் வீசிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். சிவப்பு விழுந்த இடத்தில் தரை தெரிந்தது. கொஞ்சம் நடை, ஒரு கைப்பிடி தூள், பின்னால் வண்டிகள். இடையில் அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டுக் குதித்தீர்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "முடிஞ்சுது எண்டெல்லோ சொன்னனீங்கள்!" என்று கல்யாணச் சேலையோடு உங்களை ஏசினேன்.

"பொய் சொல்லலம்மா. எங்களுக்குப் பதிலா பனி தின்னுடுச்சு," என்றீர்கள்.

பிறகு நான் பொண்டிக்கு வந்துவிட்டேன். வருசா வருசம் ஈஸ்டருக்கு நீங்கள் மெத்ரோவும் ரயிலும் மாறி வருவீர்கள். என் கறியில் தயிர் ஊற்றிச் சாப்பிடுவதை மட்டும் கடைசிவரை விடவில்லை. என் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் மாமா.

போன மாதம் உங்களைப் புதைக்கும்போது எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தது. கைப்பையைத் திறந்து, முந்தின நாள் இடித்த தூளில் ஒரு பிடி அள்ளி, உங்கள் தலைக்கு முன்னால் சற்றுத் தள்ளி வீசினேன். சாமியார் திகைத்துப் பார்த்தார். மகள் என் முழங்கையை இடித்தாள். 

அங்கே எப்படி வெளிச்சமோ தெரியாது, அண்ணை. பார்த்து நடவுங்கள். கண்ணைத் துடைக்காதீர்கள்.