தாய்வீட்டுச் சீராக வந்த ஊசி

அக்காவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை ஓசூரில் எலும்பு டாக்டரிடம் ஸ்டெல்லாவை அழைத்துப் போயிருந்தேன். ரத்தம் எடுப்பதற்காக அங்கிருந்த நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இவள் கையில் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. உங்கள் தங்கைக்கும் வந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். "எங்கக்கா போட்டா வலியே தெரியாது சிஸ்டர்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். நான் சுவரில் ஒட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் இறந்துபோய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உங்களைப் பற்றி இதுவரை யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்கவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

உங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு தங்கைக்குத் தாய்வீடு நீங்கள்தான் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். என்னை 'மாப்ள' என்று கூப்பிடும் உரிமையையும் எடுத்துக்கொண்டீர்கள். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மற்றவர்கள் வீட்டுக்குப் புடவையும் பலகாரமும் வரும். எங்கள் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி வந்தது. ஞாயிறு காலைப் பூசையை முடித்துவிட்டுப் பர்கூரில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, பதினோரு மணிக்கெல்லாம் சிப்காட் பக்கத்தில் எங்கள் வாசலில் நிற்பீர்கள். ஒரு பையில் மட்டன் இருக்கும். இன்னொரு பையில், கைக்குட்டையில் சுற்றிய மருந்துக் குப்பி இருக்கும். அடுத்த தேதிக்கு எங்கள் கோயில் நாள்காட்டியில் நீங்களே பேனாவால் வட்டம் போட்டுவிட்டுப் போவீர்கள்.

சாப்பாடு முடிந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போடுவீர்கள். வெளியே வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வருவீர்கள். அது மருந்து என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. விருந்தில் அதுவும் ஒன்று. ஆஸ்பத்திரியில் போட்டிருந்தால் ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள். எத்தனையாவது ஊசி, எத்தனை வருடம் என்று யாராவது அதைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். ஒருத்தராவது, என்னம்மா இவ்வளவு நாளாகப் போடுகிறாய் என்று கேட்டிருப்பார். அக்கா கொண்டுவரும் சீருக்கு அட்டை எதற்கு?

முதல் ஆறு மாதம் அவளுக்கு நேரம் காலம் இல்லாமல் உதிரம் போனது. அப்புறம் மாதவிலக்கே நின்றுபோனது. அவள் பயந்தாள். நீங்கள் அதட்டினீர்கள்.

"ஏன்டி, கம்பெனி லைன்ல நின்னு வேல பாக்கற. பாத்ரூம் போனாலே சூப்பர்வைசர் கடிகாரத்த பாக்கறான்ற. மாசாமாசம் தொல்ல விட்டுச்சுன்னு சந்தோஷப்படுவியா, மூஞ்ச தூக்குவியா?"

தலைவலிக்கிறது என்றாள். கண்ணாடி மாற்று என்றீர்கள். உடம்பு போடுகிறது என்றாள்.

"போடட்டும். கல்யாணத்தன்னிக்கு ஒட்டடக்குச்சிக்குப் பொடவ சுத்துன மாதிரி இருந்த. இப்பதான் பொம்பள மாதிரி இருக்க."

எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரு பதில் இருந்தது. கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள், சிரித்தபின் மறுபடி கேட்க முடியாது. இருபது வருடம் தனியார் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து நீங்கள் கற்றுக்கொண்ட பெரிய வித்தை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்ப்பவன். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. எதைக் கையில் எடுத்தாலும் அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்கிற புத்தி அதனால் வந்தது. சின்னவன் எல்.கே.ஜி. சேர்ந்த வருடம், ஊசி ஆரம்பித்து மூன்றாம் வருடம், குப்பைக்கூடையில் கிடந்த மருந்து டப்பாவிலிருந்து உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். பொடி எழுத்து. ஆரம்பத்திலேயே கட்டம் கட்டி எழுதியிருந்தான். இந்த மருந்தால் எலும்பின் அடர்த்தி குறையும், போடப் போட அதிகம் குறையலாம், இரண்டு வருடத்துக்குமேல் தொடர்வதென்றால் வேறு வழி ஒத்துவராதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டெல்லா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் காகிதத்தை உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் கண்ணாடியைப் போடக்கூட இல்லை.

"மாப்ள, தலவலி மாத்திர டப்பாலகூட ஆள் செத்துருவான்னுதான் போட்டிருப்பான். அத பூரா படிச்சா தலவலியோடவே இருக்க வேண்டியதுதான்."

"அக்கா, இது கட்டம் கட்டிப் போட்டிருக்கான். அவளுக்கு வீசிங் வேற இருக்கு. அந்த ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பக் கொறைக்கும்னு நான் படிச்சிருக்கேன்."

"நீங்க எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. நான் வெறும் நர்ஸு. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "எனக்குத் தெரியாதா மாப்ள? இன்னும் ஒரே வருஷம். அப்புறம் காப்பர்-டி வெச்சு உட்டுர்லாம். இல்ல, அவ்ளோ அக்கறையா இருந்தா நீங்க வாங்க. எங்க ஆஸ்பத்திரிலயே ஆம்பளைங்களுக்கு ஆபரேஷன் பண்றாங்க. கால் மணி நேரம். ரெண்டு நாள் ரெஸ்ட்டு, அப்புறம் டூட்டிக்குப் போயிர்லாம். வர்றீங்களா?"

நான் மாடிப்படியைப் பார்த்தேன்.

"அப்ப கைய கழுவிட்டு வாங்க. பாயசம் இருக்கு."

காகிதத்தை நாலாக மடித்து உங்கள் கைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். ஸ்டெல்லா துணிமூட்டையோடு படியிறங்கி வந்தாள். நான் பாயசம் குடித்தேன்.

அந்த ஒரு கேள்வியால் என் வாயை அடைத்தீர்கள். அதற்காகத்தான் உங்களை நான் வெறுக்கிறேன். என்னிடம் பதில் இருக்காது என்று தெரிந்துதான் கேட்டீர்கள். இரண்டாவது பிரசவத்தின்போது அவளுக்கு மூச்சுத்திணறல் வந்ததால் கையோடு கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை. அதற்குப் பிறகு மயக்கமருந்து என்றாலே அவளுக்குப் பயம். மிச்சம் இருந்தது நான். எங்கள் ஷிஃப்டில் ஒருத்தன் செய்துகொண்டு வந்தான். இன்றுவரை அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. அதை வைத்த நாலு பேரில் நானும் ஒருத்தன். அந்தக் கேண்டீனில் உட்கார்ந்து நான் சாப்பிட வேண்டாமா? இப்படித்தான் அன்று நினைத்தேன். அதை மறைக்கவில்லை.

ஆனால் நர்ஸ் நீங்கள். இன்னும் ஒரே வருஷம் என்று வாக்குக் கொடுத்தது நீங்கள். அந்த ஒரு வருடம் ஏழு வருடம் ஓடியது. ஒவ்வொரு முறையும் நாள்காட்டியில் வட்டம் போடும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பீர்கள். வாய் திறந்தால் அந்தக் கேள்வியைத் தங்கையின் முன்னாலேயே கேட்பேன் என்கிற பார்வை. நானும் தலையைக் குனிந்துகொண்டு டிவி சத்தத்தைக் கூட்டுவேன். பால் குடிக்கிறாளா, வெயிலில் நிற்கிறாளா, ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போமா என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் காலை இருட்டில் கம்பெனி பஸ் ஏறி, பொழுது சாய்ந்தபின் இறங்குகிறவள். வெயில் என்பதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தாள்.

உங்கள் அடக்கத்தன்று பர்கூரில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அந்த சிஸ்டர் இல்லன்னா நான் ஏழு பெத்துப் போட்டுச் செத்திருப்பேன் சார். எங்கூட்டுக்காரனுக்குத் தெரியாம போட்டு உட்டாங்க" என்றாள். உண்மையாகத்தான் இருக்கும். அந்த ஊசி அவளைக் காப்பாற்றியிருக்கும். ஊசியை நான் குறை சொல்லவில்லை. அவளுக்குக் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட உங்கள் ரத்தத்துக்கு நீங்கள் காட்டவில்லையே என்றுதான் அன்று நின்றுகொண்டிருந்தேன். சொந்தம் என்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டீர்கள்.

உங்கள் முதல் நினைவுத் திருப்பலி முடிந்து மூன்றாம் வாரம், தண்ணீர் கேனை ஸ்டாண்டில் ஏற்றக் குனிந்தாள். எப்போதும் அவள்தான் ஏற்றுவாள். முதுகில் ஏதோ நொறுங்கினது போல இருந்தது என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிடிப்பு என்று நினைத்து ஒரு வாரம் தைலம் தேய்த்தோம். படம் எடுத்தபோது முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. நாற்பத்திரண்டு வயது. இடுப்பில் பெல்ட், இரண்டு கிலோவுக்குமேல் தூக்கக்கூடாது, நின்று பார்க்கும் வேலை கூடாது. லைனில் அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக விசாரித்தார். ஊசி என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை வருஷம்மா?"

"பத்து வருஷம் சார்."

"ஊசி மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு எலும்பு மெல்லத் தேறிடும். உங்களுக்கு வீசிங் மாத்திரை இருக்கு, வெயில் இல்லை, சாப்பாட்டுல கால்சியம் இல்லை. எல்லாம் சேர்ந்திருக்கு. ஆனா ரெண்டு வருஷம் ஆனதும் யாராவது உங்களை உட்கார வெச்சுப் பேசியிருக்கணும். எலும்பைப் பத்தி யாருமே சொல்லலையா?"

"இல்ல சார். எங்கக்காவே நர்ஸு. அவளுக்குத் தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பாளா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு?" என்றார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படிதான் ஆட்டினேன்.

ஆட்டோவில் வரும்போது அதுதான் மனசில் ஓடியது. உங்களுக்குத் தெரியும் என்று நான் சொன்னால், உங்கள் தங்கைக்கு நீங்கள் இரண்டாவது முறை சாவீர்கள். அது எனக்குச் சம்மதம்தான். சொல்லப்போனால் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கும் தெரியும் என்பதைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்களை மட்டும் காட்டிக்கொடுக்க எனக்கு வழியே இல்லை. அப்படிக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

மத்தியானம் வெயில் படும்படி வாசலில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். மடியில், பெல்ட்டை ஒட்டிக் கிண்ணத்தை வைத்திருந்தாள். நான் படியில் உட்கார்ந்து சொன்னேன். காகிதம், கட்டம், நீங்கள் சொன்னது, நான் சொல்லாதது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. கொட்டை ஒவ்வொன்றாகத் தோலைவிட்டு வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது.

"எந்த வருஷம்?"

"சின்னவன் எல்.கே.ஜி. சேந்த வருஷம்."

"அப்ப எனக்கு முப்பத்தி நாலு." பிதுக்கிய தோலை ஒதுக்கி வைத்தாள். "நீங்க வாங்கன்னு கேட்டாளா அவ?"

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"என்கிட்ட?"

"உங்கிட்டயும் சொல்லல."

"என் உடம்பப் பத்தி நான் மாடிக்குப் போனப்ப ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்க."

உங்களுக்காக ஒரு வார்த்தை, எனக்காக ஒரு வார்த்தை தேடினேன். அவங்க நல்லதுக்குத்தான் என்று நானே ஆரம்பித்தேன். பாருங்கள், உங்களுக்காக நான் வாதாட வேண்டியிருந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள், எழுந்து உள்ளே எடுத்துப்போக அவளால் முடியாது என்பதால். நான் வாங்கிக்கொண்டேன்.

"அவளுக்கு அழுது முடிச்சிட்டேன்" என்றாள். "நல்லவேளை. இப்பன்னா வந்திருக்காது."

நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"நீங்க போனா உங்களுக்கு அழுவனா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல. அதுக்கு டைம் இருக்கு."

ஒன்பது நாளாகிறது. அரிசியை இறக்கி வைங்க, கேனை மாத்துங்க, மாத்திரை தீந்துபோச்சு. இதற்குமேல் அவள் என்னிடம் பேசுவதில்லை. நேற்று லைனில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி பார்க்க வந்தாள். அவளுக்கும் இந்த ஊசிதானாம். "போடு, வேணான்னு சொல்லல. எத்தன வருஷம் போடலாம், எலும்புக்கு என்ன பண்ணணும்னு டாக்டர்கிட்ட நீயே வாயத் தெறந்து கேளு. வேற யாரையும் உனக்காகக் கேக்க உடாத" என்று ஸ்டெல்லா சொன்னது சமையலறைவரை கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

அக்கா, உங்களை நான் மன்னிக்கவில்லை. உங்கள் கண்ணீர் உங்களுக்கு முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. அவள் சொன்ன அந்த டைமுக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன்.