நான்கு டின் உருளைக்கிழங்கு

5.1.74 சனி

காலையில் நல்ல குளிர். மலைப் பக்கம் மூட்டம். எட்டு மணிக்கு மேல்தான் வெயில்.

உருளைச் செடிகள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன. நட்டு எழுபது நாளுக்கு மேல். நான்கு எண்ணெய் டின், துவைக்கிற கல்லுக்கும் கொல்லைச் சுவருக்கும் நடுவே வரிசையாக. இந்தத் தேவாரம் ஊர் வெயிலில் உருளையா என்று ஹெல்த் சென்டரில் ஆயா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். போன மாத மழையில் மேல்மண் கரைந்து, கிழங்கு அங்கங்கே வெளியே தெரிகிறது.

விதைக்கிழங்கு தந்த எஸ்டேட் லாரி டிரைவர் வர்கீஸ் அன்றே சொன்னார்: "மண்ணு போட்டு மூடிக்கிட்டே இருக்கணும் சிஸ்டரே." மண்ணுக்கு எங்கே போவேன்? வீட்டுக்கார அம்மா முத்தம்மாளிடம் இரண்டு கூடை கேட்டேன். கொல்லை நிறைய மண்தான்.

"எங்க எடத்து மண்ண டப்பாவுல போட்டு வப்பீக. நாளைக்கி மாத்தலாகிப் போறப்ப தூக்கிட்டுப் போயிருவீக. வீட்டு மண்ணு வெளிய போனா லச்சுமியும் கூடப் போயிரும் நர்சம்மா."

இரண்டு கூடை மண்ணில் லட்சுமி! வாடகை வாங்கும்போது மட்டும் நான் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளைக்கு: தடுப்பூசி ரிஜிஸ்டர். மண்ணெண்ணெய். அம்மாவுக்குக் கடிதம் (மறக்காமல்).

13.1.74 ஞாயிறு

சர்ச் போகவில்லை. விடியற்காலையில் ஒரு பிரசவம், ஆண். தாய்க்கு ரத்தசோகை. மாத்திரை கொடுத்தேன், விழுங்குவாளா தெரியாது.

மதியம் மூன்று டின்னைக் கவிழ்த்தேன். ஐயோ, என்ன சந்தோஷம்! ஒரு முறம் நிறைய. அடியில் கிடந்தவை பெரிது, நல்ல மஞ்சள். மேலே கிடந்தவை சின்னது, தோல் பச்சையாக. நாலாவது டின்னில் இலை இன்னும் காயவில்லை, விட்டுவைத்தேன்.

பொங்கலும் அதுவுமாக வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. பெரியவை எனக்கு. சின்னதும் பச்சையும் அவர்களுக்கு. மண் கொடுக்காதவர்களுக்கு இது போதும். எழுதும்போதே கொஞ்சம் கூச்சம். இருக்கட்டும்.

வாங்கிக்கொண்டது புது மருமகள் சரோஜா. முத்தம்மாளின் ஒரே மகன் ராசுவுக்கு ஆவணியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். காமயகவுண்டன்பட்டிப் பெண், அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். தலைப்பொங்கலுக்கு அவள்தான் சமையல்.

"என்னக்கா, பச்சையா இருக்கு?"

"இளசு. தோலோட வறுத்திரு."

பச்சை என்றால் பிஞ்சுதானே. கத்தரி, வெண்டை, அவரை எல்லாம் அப்படித்தானே.

15.1.74 செவ்வாய்

நேற்று எழுத நேரமில்லை. மாலை ஐந்தரைக்கு சரோஜா ஓடி வந்தாள். "அக்கா, மாமா, அத்த, அவுக, மூணு பேரும் வாந்தி எடுக்காக!"

வாந்தி, பேதி, தலைவலி. ராசு நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் பொங்கல் லீவு. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர், குடிக்கக் குடிக்க. இன்று காலை மூவரும் கஞ்சி குடித்தார்கள். அப்பாடா.

முத்தம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லாட்டி எங்க குடும்பமே போயிருக்கும்." பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் குறித்தேன்: சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பரங்கிக்காய், அவரைக் குழம்பு, உருளை வறுவல். சரோஜாவும் எல்லாம் சாப்பிட்டிருக்கிறாள், வறுவல் தவிர. கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவளுக்கு வறுவல் மிச்சமில்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை. ஈ மொய்த்திருக்குமோ? எண்ணெயில் ஏதாவது?

கிளம்பும்போது முத்தம்மாள் காதோரம்: "வறுவலு கசந்துச்சு நர்சம்மா. மூணு பேரு விழுந்தோம், அவ மட்டும் கல்லாட்டம் நிக்கிறா. மருந்து வச்சுட்டா. புருசனைக் கைக்குள்ள போட்டுக்க மலையாளத்து மருந்து."

கண்டபடி திட்டினேன். என்ன பைத்தியக்காரப் பேச்சு!

16.1.74 புதன்

கூட்டம். கட்டு போட்டது பதினொன்று. பஞ்சு தீரப் போகிறது.

வர்கீஸ் விரலில் அடிபட்டு வந்தார். கட்டுப் போட்டுக்கொண்டே விளைச்சல் பெருமையை அளந்தேன். பச்சையாக இருந்ததையும் சொன்னேன்.

"பச்சையோ? அதத் தின்னக்கூடாது சிஸ்டரே, விஷமாக்கும். வெயிலு பட்டா பச்சையாகும். அதுக்குத்தானே மண்ணு போட்டு மூடணும்னு சொன்னேன். எஸ்டேட்டுல ஒரு பசு தின்னுட்டு விழுந்து போச்சு."

கை அப்படியே நின்றுவிட்டது. அவரே மிச்சக் கட்டைச் சுற்றிக்கொண்டார்.

கசப்பு. தோலோடு வறுத்தது. சரோஜா சாப்பிடாதது. எல்லாம் பொருந்துகிறது. நான்தான். என் டின், என் கிழங்கு, தோலோடு வறு என்று சொன்ன என் வாய்.

சொல்ல வேண்டும். சொன்னால் வீடு போகும். வீடு போனால் போகட்டும். நர்சே விஷம் கொடுத்தாள் என்று ஊர் பேசினால் எந்தப் பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள்? என் கையால் மாத்திரை வாங்குவார்களா? மாத்தல் போட்டு எங்கேயாவது தள்ளிவிடுவார்கள்.

சொல்லவில்லை.

17.1.74 வியாழன்

தலைவலி. சாப்பாடு இறங்கவில்லை. பெரிய கிழங்குகள் மூலையில் கிடக்கின்றன, பார்க்கப் பிடிக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் முத்தம்மாள் குரல், யாரிடமோ: "அவுக அப்பனுக்குச் சொல்லி விட்டாச்சு. நாளைக்கி நாலு மணி பஸ்ஸுல கூட்டிட்டுப் போகட்டும். திரும்ப இங்கன காலு வைக்கக்கூடாது."

ராசு மூன்று நாளாக அவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. கேட்டால், "ஆத்தா சொல்றாக" என்கிறான். இவனெல்லாம் ஒரு ஆம்பளை!

துவைக்கிற கல்லில் சரோஜா. கண் வீங்கியிருந்தது. "நான் ஒண்ணும் செய்யலக்கா. மருந்து வச்சவளுன்னு பேரு வாங்கிட்டுப் போனா எங்க தங்கச்சிய யாருக்கா கட்டுவாக? அப்பா மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

"சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சீ. நானும் ஒரு மனுஷியா.

18.1.74 வெள்ளி

காலை 9.30. லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. இனி மணி போட்டு எழுத வேண்டும்.

எட்டு மணிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நல்ல கிழங்கை நான் வைத்துக்கொண்டதையும், கோபத்தில் கழிவை அவர்களுக்குக் கொடுத்ததையும். முத்தம்மாள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்!

"உங்களுக்கு எம்புட்டு நல்ல மனசு நர்சம்மா. அவளக் காப்பாத்த உங்க தலையில போட்டுக்கிறீக. பஜாரு பூரா விக்கிற உருளைக்கெழங்கு வெஷமா? எங்க உசுரக் காப்பாத்துன கையி வெஷம் குடுக்குமா?"

எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. செவ்வாயன்று இனித்த புகழ் இன்று கழுத்தைப் பிடித்தது. நேராகக் கொல்லைக்குப் போய் நாலாவது டின்னை அவள் எதிரிலேயே கவிழ்த்தேன். பச்சையாக இருந்ததை எல்லாம் அவள் கையாலேயே பொறுக்கச் சொன்னேன். சரோஜாவை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. நானே தோலோடு வறுத்து, அங்கேயே உட்கார்ந்து, ஒரு தட்டு நிறையத் தின்றேன். மணி ஒன்பது. கசப்பு, தொண்டையில் காந்தல்.

"என்னா வீம்பு இது?"

"எனக்கும் வந்துச்சுன்னா?"

"வந்தா அவ இங்கனயே இருக்கட்டும். கொலசாமி மேல சத்தியம். வராட்டி நாலு மணி பஸ்ஸு."

10.45. ஒன்றுமில்லை.

12.10. ஒன்றுமில்லை. முத்தம்மாள் எட்டிப் பார்த்து, "கஞ்சி வேணுமா?" என்கிறாள். பசிக்கிறது. வெட்கம் கெட்ட வயிறு!

1.30. அவர்களுக்கு நாலைந்து மணி நேரத்தில் வந்தது. இந்த டின்னில் பச்சை குறைவோ? இன்னும் தின்றிருக்க வேண்டுமோ? பதினாறு வருஷ சர்வீஸில் எத்தனை பேருக்கு வாந்தி நிற்க வேண்டும் என்று ஜெபித்திருக்கிறேன். ஆண்டவரே, எனக்கு வரப் பண்ணும்.

2.40. சரோஜாவின் அப்பா வந்துவிட்டார். வாசலிலேயே நிற்கிறார். தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை. ராசு மாட்டுக்குத் தீவனம் வைக்கிற சாக்கில் அங்கேயே நிற்கிறான்.

3.05. தலை கனம். பயத்தால்கூட வரும். கணக்கில் சேராது.

3.20. சரோஜாவின் தகரப் பெட்டியை நடையில் கொண்டுவந்து வைத்தார்கள். விரலை வாய்க்குள் விட்டால் வந்துவிடும். ஒரு நொடி. விடமாட்டேன். அப்புறம் எனக்கும் மருந்து வைக்கிறவளுக்கும் என்ன வித்தியாசம்?

3.35. சரோஜா ராசுவிடம் ஏதோ கேட்கிறாள். அவன் தீவனக் கூடையை எடுத்துக்கொண்டு மாட்டுப் பக்கம் திரும்புகிறான். அவள் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வா தாயி, பஸ்ஸு போயிரும்."

3.40. குமட்டுகிறது. நிஜமாகவே. அடிவயிற்றில் முறுக்கிப் பிடிக்கிறது, நெற்றியெல்லாம் வியர்வை. ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம். முத்தம்மா, பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லுங்க, வாளியை எடுத்துக்கிட்டு ஓடி வாங்க என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டேன்.