சட்டமன்றத்தில் என் பெயர்

மொன்றியல்

அன்புள்ள அம்மா அறிவது,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

திருத்த வேலை என்று சொல்லி, வீட்டுக்காரர் எங்கள் கட்டடத்தில் எல்லோரையும் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இதைச் சட்டமன்றத்தில் கேட்டபோது, அந்தக் கட்டடத்தில் யாருமே முறையிடவில்லை என்றார் அமைச்சர். மற்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். நான் அந்த உறுப்பினரிடம் போய், முறையிட்டவள் என்று என் பெயரைச் சொல்லச் சொன்னேன். நேற்றுச் சபையில் சொல்லிவிட்டார்.

மாலையே வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "தங்கச்சி, நீரோ பேர் குடுத்தது?"

"ஓம் அண்ணை, நான்தான். எழும்ப மாட்டன்."

எதிர்வீட்டு நிரோஜாவும் கதவைத் திறந்து, "நானும் எழும்ப மாட்டன்" என்றாள்.

கூழ் காய்ச்ச, பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா கொஞ்சம் அனுப்புங்கள். தனியே கூழ் குடித்து அலுத்துவிட்டது, இனி அவளையும் கூப்பிடலாம். வேலைக்கு நேரமாகிறது. இதே விலாசத்துக்கே அனுப்புங்கள், அம்மா.

மகள்
அஜந்தா