பொய்க்கணக்கும் இரண்டு பைகளும்

இன்று சாயங்காலம் என் மகள் தோளுக்கு ஒன்றாக இரண்டு புத்தகப் பைகளோடு வாசலில் வந்து நின்றாள். இன்னொன்று யாருடையது என்று கேட்டேன். "பவித்ராவோடதும்மா. பொய்க்கணக்குல தோத்துட்டேன். அங்க பாரு, கைய வீசிக்கிட்டு வர்றா" என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். சமையல் முடித்து அவளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார இவ்வளவு நேரமாகிவிட்டது.

நீ கண்டுபிடித்த விளையாட்டு அது; நான்தான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஏரியூர் ஸ்கூல் விட்டு நாம் ஊருக்கு நடக்கும்போது, ஒருத்தி வேண்டுமென்றே நடுவில் ஒரு பொய்யை வைத்துக் கணக்கு சொல்ல வேண்டும். வீடு வருவதற்குள் மற்றவள் அதைப் பிடிக்க வேண்டும். தோற்றவளுக்கு இரண்டு பையும்.

"போறப்ப பஸ்ஸு நாப்பதுல போவுது. அதே ரோட்ல வர்றப்ப அறுபதுல வருது. அப்ப சராசரி அம்பது. சரிதானே புள்ள?" என்று நீ முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாய். நானும் தலையாட்டினேன். ஏரிக்கரை வளைவு வந்ததும், "மெதுவா போறப்பதான் ரொம்ப நேரம் ஆவுது. அதை எங்க உட்ட? சராசரி நாப்பத்தெட்டுதான்" என்று சொல்லி உன் பையை என் தோளில் மாட்டினாய். அந்த வருஷம் முழுக்க நமக்குக் கணக்கு டீச்சரே இல்லை என்பது பரீட்சை வந்த பிறகுதான் நமக்கே உறைத்தது.

இப்போது என் கவலையைக் கேள். தருமபுரியில் ஒரு பெரிய ஸ்கூலில், தேர்வு எழுதி என் மகளுக்கு ஹாஸ்டலோடு இடம் கிடைத்திருக்கிறது. நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். நல்ல டீச்சர்கள், லேப், லைப்ரரி எல்லாம் இருக்கிறது. கைக்குக் கிடைத்ததை விடுவதா என்கிறார் என் வீட்டுக்காரர். பவித்ரா வீட்டில் அந்தப் பேச்சுக்கே வழியில்லை. அவள் அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். என் மகளிடம் கேட்டால், "அங்க என்கிட்ட யாரும்மா பொய் சொல்லுவாங்க?" என்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ போனில் சொன்ன கடைசிக் கணக்கு ஞாபகம் வந்தது. "கேளு புள்ள. நம்ம ரெண்டு பேரும் பெரிய ஸ்கூல்ல சேர்றோம். அங்க நல்லா சொல்லித்தர்றாங்க. அதனால இன்னும் பெரிய ஆளா ஆவுறோம். எந்த வரி பொய்யி?" கடைசி வரிதான் என்றேன். "இல்ல. மெதுவா யோசி. அதுவரைக்கும் பை உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சிரித்தாய். அடுத்த முறை நான் கூப்பிட்டபோது எடுத்தது உன் தம்பி, நீ போய்விட்டாய் என்று சொல்ல.

இன்று அந்த இரண்டு பைகளையும் பார்த்தபோது பிடித்துவிட்டேன். பொய் முதல் வரியில்! அந்த வருஷம் என் அப்பா என்னைப் பெரிய ஸ்கூலில் சேர்க்க விசாரித்துவிட்டு வந்தார். உன் வீட்டில் யார் விசாரித்தார்கள்? சேர்ந்திருந்தால் நான் மட்டும்தான் போயிருப்பேன். இரண்டாவது வரி உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். காலேஜில் முதல் வருஷம் நான் திணறியது எனக்குத் தெரியும். ஆனால் சரியாகத் தோன்றும் எதையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கிற புத்தி எனக்கு உன்னிடமிருந்து வந்தது. அதற்கு எந்த ஸ்கூலில் இடம் கேட்பது?

இந்த வருஷம் இங்கேயே படிக்கட்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமைகளில் இரண்டு பேரையும் பஸ் ஏற்றித் தருமபுரி லைப்ரரிக்கு நானே கூட்டிப்போவேன். அடுத்த தேர்வை இரண்டு பேரும் எழுதட்டும். பவித்ராவின் அம்மாவிடமும் பேசிவிட்டேன். "ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா எனக்கு பயமில்லீங்க" என்றார். நான் செய்தது தப்பாகவும் இருக்கலாம். ஆனாலும் சாயங்காலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன்.

விடை சொல்லிவிட்டேன். நம் விதிப்படி இனி நீதான் சுமக்க வேண்டும். பரவாயில்லை புள்ள, நீ கையை வீசிக்கொண்டு முன்னால் நட. இரண்டும் என் தோளிலேயே இருக்கட்டும்.