தரை போட்டது யார்?

ஜூன் 3

அன்புள்ள தையல்காரிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். ஆனாலும் எனக்கு அதுதான் எழுத வருகிறது. எத்தனை முறை போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை. "அக்கா எதுவா இருந்தாலும் எழுதிப் போடச் சொன்னாங்க மாமா" என்றாள் உன் தங்கை. ஆபீஸில் கடிதம் எழுதியே சம்பளம் வாங்குகிறவன், சொந்த மனைவிக்கு ஒன்று எழுதுவதற்குள் தாள் தாளாகக் கிழித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை முதல் ஞாயிறு கிளப்பில் பெரிய ஆட்டம், மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடுவது. முந்நூறு சொச்சம் வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியச் சண்டை, நம்முடையது சாம்பல் கோட்டுப் படை. கடைசி மூன்று ரெஜிமென்ட்டுக்கும் வர்ணம் அடித்தாயிற்று. நடுவில் ஈட்டிக்காரர்கள், இரண்டு பக்கமும் துப்பாக்கிக்காரர்கள், தொப்பியின் வெள்ளை ஓரம் உட்பட எல்லாம் முடிந்தது. ஆனால் தரை இல்லை. வெறும் பலகையில் நிற்கும் விரல் உயரச் சிப்பாய்களைப் பார்த்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி இருக்கிறது. நீ பலகையில் போடும் அந்த மண் தரையை எப்படிப் போடுவது என்று விவரமாக எழுது.

மற்றபடி வீடு அப்படியே இருக்கிறது.

உன்,
தளபதி


ஜூன் 9

தளபதியாருக்கு,

கடிதம் கிடைத்தது. சிப்பாய்களின் தொப்பி ஓரம் வரை எழுதியிருக்கிறீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி கேட்கவில்லை. நான் ஏன் போன் எடுப்பதில்லை தெரியுமா? போனில் உங்களுக்கு "ம்", "சரி" தவிர வேறு வார்த்தை வராது. எழுதினால் வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்.

நான் ஏன் கிளம்பி வந்தேன் என்று தெரியாத மாதிரியே எழுதியிருக்கிறீர்கள். நம் படையை வைத்திருந்த கண்காட்சியில் அந்தப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து பார்த்து, "சிப்பாயை விடுங்க சார், இந்தத் தரையைப் போட்டது யாரு?" என்று கேட்டார். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள், "நான்தான் சார். மண்ணைத் தூவினா ஆச்சு, அதுல என்ன இருக்கு" என்றீர்கள்.

நமக்குப் பிள்ளை இல்லை. ஊர் உலகம் என்று நீங்கள் என்னை எங்கும் கூட்டிப்போனதும் இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த ஒரே இடம் அந்த மேசை. அதில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒரே பேச்சில் பிடுங்கிக்கொண்டீர்கள்.

கேட்டதற்குப் பதில்: மணலை டீ வடிகட்டியில் சலியுங்கள். மேல்தட்டில் இருக்கும் பழைய வடிகட்டி, புதியதைத் தொட்டீர்களோ தெரியும் சேதி. வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து, சிப்பாய்களின் கால்களுக்கு நடுவில் மட்டும் பூசி, மணலில் முக்கிக் காயவிடுங்கள். மிச்சத்தை இதை முடித்தபின் கேளுங்கள்.

உங்கள் சம்சாரம்


ஜூன் 15

அன்புள்ள தையல்காரிக்கு,

முதலில் கேட்டுவிடுகிறேன்: நீ எப்படி இருக்கிறாய்?

நீ சொன்னபடிதான் செய்தேன். பசை பூட்ஸைத் தாண்டி முழங்கால் வரை ஏறிவிட்டது. மொத்த ரெஜிமென்ட்டும் சேற்றில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் என்னத்தைச் சிரிப்பது?

வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கவே பிடிக்கவில்லை. ரேடியோவைப் போட்டால் வீடு இன்னும் காலியாகத் தெரிகிறது. சாப்பாட்டை வாங்கிவந்து சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிறேன். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறது. காலையில் எதற்காக எழுந்திருக்கிறேன் என்றே புரிவதில்லை.

கண்காட்சி விஷயம்: அவர் திடீரென்று கேட்டார், வாய் தவறிவிட்டது. நீ அதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் எழுது, ஆட்டம் நெருங்குகிறது.

உன்,
தளபதி


ஜூன் 22

தளபதியாருக்கு,

வாய் தவறிவிட்டதாம். நல்ல வாய். ஆனாலும் எதிர் நாற்காலி என்று எழுதியிருந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். "போதும்க்கா, தாள் தேஞ்சுடும்" என்கிறாள் தங்கை.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. நான் ஹாலில் படுத்தால் தங்கை வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். பாவம், அவர் வீட்டில் அவரே விருந்தாளி ஆகிவிட்டார். இப்படிக் கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருகிறேன்.

அடுத்த வேலை: காய்ந்த மணல்மேல் அடர்ந்த காப்பி நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து விடுங்கள். அது காய்ந்ததும் தூரிகையில் வெளிர் மஞ்சள் தொட்டு, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, மேலாகத் தடவுங்கள். அதற்கப்புறம் புல். அதைத்தான் எனக்கு எழுதிச் சொல்லத் தெரியவில்லை. பழைய ரெஜிமென்ட் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். முன்வரிசைக்கு முன்னால் புல் நிமிர்ந்து நிற்கும், பின்வரிசைக்குப் பின்னால் படுத்திருக்கும். அவ்வளவு பேர் மிதித்து நடந்துவந்த புல் அல்லவா? இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒருநாளும் கவனித்ததில்லை. அந்தப் பெரியவர் கவனித்தார்.

அதைக் கையால் செய்துதான் காட்ட வேண்டும். ஜூலை 3, வியாழக்கிழமை, கிளம்பி வருகிறேன். ஞாயிறு ஆட்டத்துக்கும் உங்களோடு வருகிறேன். யாராவது கேட்டால், "தரை என் சம்சாரம் போட்டது" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். "வா" என்று ஒரு வரி போடுங்கள், போதும்.

உங்கள் தையல்காரி


ஜூன் 23

அன்புள்ள தையல்காரிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் நல்ல செய்தி ஒன்று. கடையில் டப்பாவில் அடைத்துத் தரையே விற்கிறான்! மண், நிறம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. கத்தியால் தடவிவிட்டால் வேலை முடிந்தது. மூன்று ரெஜிமென்ட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.

ஆனால் பழைய படையோடு சேர்த்து வைத்தால் நிறம் ஒத்துப்போகவில்லை. பாதிப் படை வேறு நாட்டில் நிற்பது மாதிரி இருந்தது. அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து, பழைய பலகைகள் அத்தனையையும் வெந்நீரில் ஊறவைத்து, மண்ணைச் சுரண்டி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டேன். சில ஈட்டிகள் வளைந்தன, நிமிர்த்திக்கொண்டேன். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி புதுத் தரை. மேசையைப் பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை. இனி இதற்காக உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன், நீ நிம்மதியாக இரு.

சுரண்டிய மண்ணைக் கழுவி ஊற்றியதில் குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. சரிசெய்ய வந்த ஆள், "என்ன சார், தோட்டத்தையே கழுவி விட்டீங்களா?" என்றான். உனக்குச் சிரிப்பு வருமே என்று எழுதுகிறேன்.

உன்,
தளபதி


ஜூன் 26

தையல்காரி,

இன்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. வா. உடனே வா. வியாழன் வரை எதற்கு, நாளைக்கே வா.

பாதி படிக்கும்போதே எழுந்து மேசைக்கு ஓடினேன். ஒன்றாவது தப்பியிருக்காதா என்று ஒவ்வொரு பலகையாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்காட்சியில் எடுத்த படங்களையாவது பார்க்கலாம் என்று தேடினேன். நான் எடுத்த படங்களில் தொப்பியும் முகமும்தான் இருக்கின்றன. எல்லாமே சிப்பாய்களின் காலோடு வெட்டுப்பட்டிருக்கின்றன, தரை விழவே இல்லை. அந்தப் படுத்த புல்லை நான் இனிமேல் பார்க்கவே முடியாது.

23ஆம் தேதி போட்ட கடிதம் வந்தால் பிரிக்காதே, கிழித்துப்போடு. நான் மடையன். நீ வா, புதுத் தரை மொத்தத்தையும் பெயர்த்துவிடுகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து முதலிலிருந்து போடலாம். கிளப்பில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. நீ கிளம்பிய அன்றே வாசலில் நின்று இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உன்


ஜூன் 30

வணக்கம்.

இரண்டும் வந்தன. பிரிக்காதே என்ற கடிதம் வருவதற்குள் மற்றதைப் படித்துவிட்டேன்.

"மாமா வேணும்னு பண்ணலக்கா" என்கிறாள் தங்கை. எனக்குத் தெரியாதா? வேண்டுமென்று செய்திருந்தால் வந்து சண்டை போட்டிருப்பேன். நீங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து சந்தோஷமாகச் செய்திருக்கிறீர்கள். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லை. அதோடு எப்படிச் சண்டை போடுவது?

முதலிலிருந்து போடலாம் என்கிறீர்கள். எந்தப் பலகையை எப்போது போட்டேன் என்று எனக்குத் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போட்டது உண்டு. இனிமேல் குழந்தைக்கு வழியில்லை என்று டாக்டரம்மா சொன்ன வாரத்தில் போட்டது உண்டு. அந்த வாரம் முழுக்க நீங்கள் எதிரில் உட்கார்ந்து குதிரைகளுக்கு வர்ணம் அடித்தீர்கள். நான் மண் சலித்தேன். அதையெல்லாம் எங்கே போய் மறுபடி போடுவது? எனக்குத் தெம்பு இல்லை.

வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. என் தையல் மெஷினை லாரியில் போட்டுவிடுங்கள். இங்கே ஒரு கடையில் வேலைக்குக் கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் என்னைப் பற்றிப் பேச வேண்டாம். யாராவது குனிந்து பார்த்து, தரை போட்டது யார் என்று கேட்டால், "நான்தான்" என்று சொல்லுங்கள். இப்போது அது பொய் இல்லை.

இப்படிக்கு,
தையல்காரி